வின்சென்ட் அளந்த வெள்ளம்

காலை மணி எட்டு இருபது. இன்னும் பத்தே நிமிடம். அதற்குள் படம் எடுத்து அனுப்பியாக வேண்டும். வின்சென்ட் கைப்பேசியும் கையுமாக ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

எதிரே பெரிய லொங்காங். தெருத் தண்ணீரையெல்லாம் கடலுக்குக் கொண்டுபோகும் அந்தக் கான்கிரீட் கால்வாய்க்குள் இறங்க மூன்று படிகள் உண்டு. நடுப்படியை அடைத்துக்கொண்டு ஒரு பியாவாக் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உடும்பு ஜாதிதான். ஆனால் வாலையும் சேர்த்து அளந்தால் வின்சென்ட்டைவிட நீளம்.

"ஷூ... போ. பெர்கி லா!" என்றார் வின்சென்ட், அதன் தூக்கம் கலைந்துவிடாத குரலில்.

பியாவாக் நாக்கை ஒருதரம் நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. வின்சென்ட் இன்னும் இரண்டு அடி பின்வாங்கினார்.

அவரைக் கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் சாமான் கிடங்கை முப்பத்திரண்டு வருடம் கட்டி ஆண்டவர். ஓர் ஆணி குறைந்தாலும் மேனேஜரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர். ஊர்வன மட்டும்தான் அவருக்கு ஆகாது.

கைப்பேசி அலறியது. வீட்டிலிருந்து மனைவி சவுந்தரம்.

"என்னங்க, படம் எடுத்தாச்சா? தோசை ஆறுது."

"பியாவாக் படுத்திருக்கு சவுந்தரம்."

"அது பாட்டுக்குப் படுத்திருக்கட்டும். நீங்க பாட்டுக்கு எடுங்க."

"நடுப்படியில படுத்திருக்கு."

"அப்ப அதையும் சேர்த்து எடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள்.

ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து, சமையலறை டப்பாக்களையெல்லாம் எண்ணி வரிசை எண் ஒட்டிக்கொண்டிருந்தவரை இந்த வேலைக்கு எழுதிப்போட்டவளே சவுந்தரம்தான். பினாங்கில் இப்போதெல்லாம் மழைக்கு நேரம் காலம் கிடையாது. ஒரு மாதத்து மழை ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. பருவநிலை கெட்டுவிட்டது, இனி அரசாங்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆகாது, பொதுமக்களும் கைகொடுக்க வேண்டும் என்று ஓர் அலுவலகம் 'பாரிட் பிந்தார்' என்ற செயலியை ஆரம்பித்தது. தமிழில் சொன்னால் 'புத்திசாலிக் கால்வாய்'.

பன்னிரண்டு இடங்களில் லொங்காங் சுவரில் ஆளுயர அளவுகோல் பொருத்தினார்கள். இடத்துக்கு ஒரு தொண்டர். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம். படத்தில் தண்ணீர் எந்த எண்ணைத் தொடுகிறது என்பதைச் செயலியே படித்துக்கொள்ளும். மட்டம் ஏறினால் சுற்றுவட்டாரத்தில் மூவாயிரம் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை பறக்கும். வின்சென்ட் ஏழாம் எண். ஆறாம் எண் பக்கிரிசாமி, லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர். இருவரும் பத்தொன்பது நாளாக ஒருநாள் விடாமல் அனுப்பி, செயலியின் பட்டியலில் சமமாக முதலிடத்தில் நின்றார்கள். ஒரு வேளை தவறினாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும்.

மணி எட்டு இருபத்தேழு. பியாவாக் புரண்டு படுத்தது.

வின்சென்ட் நேற்று எடுத்த படத்தைத் தேடி எடுத்தார். நேற்றும் வெயில், இன்றும் வெயில். தண்ணீர் நேற்று எவ்வளவோ இன்றும் அவ்வளவுதானே? அனுப்பினார். செயலி பச்சை நிறத்தில் டிக் போட்டு, திரை முழுக்கப் பூ தூவியது.

'இன்னைக்கு மட்டும்தான்' என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஆறின தோசையைச் சாப்பிட்டார்.

நான்கு நாட்கள் இப்படி 'இன்னைக்கு மட்டும்' ஓடின. ஐந்தாம் நாள் காலை மழை வெளுத்து வாங்கியது. வின்சென்ட் பழக்க தோஷத்தில் வெயில் படத்தையே தட்டிவிட்டார். அரை மணி நேரத்தில் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் இஸ்ஸதி வந்தாள். செயலியைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி. மலாயில் மிகவும் மரியாதையாக எழுதியிருந்தாள்: "வின்சென்ட் அங்கிள், ஜார்ஜ்டவுன் முழுக்க மழை. உங்கள் லொங்காங்கில் மட்டும் வெயில் அடிக்கிறதே, எப்படி?"

"மழை ஒரு நிமிஷம் விட்டது. அந்த நேரம் பார்த்து எடுத்தேன்" என்று வின்சென்ட் பதில் எழுதினார்.

உடனே பக்கிரிசாமி ஒரு படத்தைப் போட்டார். கொட்டும் மழை, கலங்கல் தண்ணீர், அளவுகோல். கீழே ஒரு வரி: "நான் ஒரு கையில குடை, ஒரு கையில போன். முழங்கால் தண்ணியில நின்னு எடுத்தேன். சேவைன்னா சேவைதான்."

வின்சென்ட்டுக்கு உடம்பெல்லாம் கூசியது. இந்த இஸ்ஸதி ஒவ்வொரு படத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறாள். இனிப் பழைய படம் உதவாது. மாலையில் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு லொங்காங்குக்குப் போனார். பியாவாக் தன் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது.

வீட்டின் பின்பக்கக் குளியலறையில் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருந்தது. ஷவர் வந்த பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. மறுநாள் சவுந்தரம் மீன் வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில் வின்சென்ட் பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாக அதற்குள் இறங்கினார். லொங்காங்கில் இருந்த அளவுகோல் இரண்டு மீட்டர். தொட்டியோ ஒரு மீட்டர்கூட இல்லை. அதனாலென்ன? சரி பாதியாகச் சுருக்கி, தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் லொங்காங்கில் இரண்டு சென்டிமீட்டர் என்று கணக்கு வைத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு பட்டைகளோடு அச்சு அசலாக வரைந்து முடித்தார். சுவரில் பாசியை அப்பினார். ஒரு காலி சோயாபால் பெட்டியையும் மிதக்கவிட்டார்.

சவுந்தரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது கூத்து?"

"பயிற்சி. படம் தெளிவா எடுக்கப் பழகறேன்."

"பாத்ரூம்ல குப்பையைப் போட்டுப் படம் எடுக்கிற மனுசனை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் மீன் கழுவப் போனாள்.

வின்சென்ட்டை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது அநியாயம். ஏமாற்றுவதற்கு அவரைப் போல உழைத்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. மொட்டை வெயில் என்றால் தொட்டியில் மூன்று வாளி. தூறல் என்றால் ஐந்து. ஓட்டில் தடதடவென்று கேட்டால் பன்னிரண்டு. மாலையில் கடல் ஏறும் நாட்களை நாள்காட்டியில் பார்த்துக் கூட ஒரு வாளி. படம் எடுத்து முடித்ததும் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கி அத்தனையையும் வெளியே விடுவார். பன்னிரண்டு நிமிட நடைக்குப் பயந்து முக்கால் மணி நேரம் வாளி சுமந்தார். இடுப்புக்குத் தைலம் தேய்த்தபடியே சவுந்தரம், "நடந்தே போய்ட்டு வந்திருக்கலாம்" என்றாள். அவருக்கும் அது தெரியாமல் இல்லை.

படங்கள் பிரமாதமாக வந்தன. குளியலறை விளக்கில் ஒவ்வோர் எண்ணும் கண்ணாடி போலத் தெரிந்தது. இஸ்ஸதி குழுவில் எழுதினாள்: "எல்லாரும் ஏழாம் எண் அங்கிளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். இவ்வளவு தெளிவான படத்தை நான் பார்த்ததே இல்லை. செயலி இவருக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நம்பகப் புள்ளி கொடுத்திருக்கிறது."

மார்ச்சில் தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமை மீன் சமைக்க வேண்டும் என்று சவுந்தரம் புதன்கிழமையே பாசாரில் உயிரோடு ஒரு கெளுத்தி மீனை வாங்கிவந்து, மாலைப் படத்துக்காக அவர் ஊற்றிவைத்த தண்ணீர் இருக்கிறதே என்று பின்பக்கத் தொட்டியில் விட்டுவிட்டாள். வின்சென்ட் அன்று மாலை அவசர அவசரமாகப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் தண்ணீருக்குள் ஏதோ நெளிவதைப் பார்த்தார்.

"சவுந்தரம்! தொட்டிக்குள்ள என்னாது?"

"கெலி மீன். நாளன்னைக்குக் கறிக்கு. ஏன், அதுவும் பயிற்சியில இருக்கா?"

அதற்குள் குழுவில் தீபாவளி. 'ஏழாம் எண்ணில் மீன்! பல வருடங்களுக்குப் பிறகு நம் லொங்காங்கில் உயிர்!' என்று இஸ்ஸதி வட்டம் போட்டுக் காட்டியிருந்தாள். கெளுத்தி பாவம் எதுவும் அறியாமல் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை லொங்காங் ஓரம் முழுக்கத் தூண்டிலோடு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள் என்று பக்கத்து வீட்டு ஸுல்கிஃப்லி வந்து சொன்னார். நாற்பது வருடமாக அடுத்தடுத்த வீடு என்பதால் அவருக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு.

"அண்ணே, நானும் ரெண்டு மணி நேரம் உக்காந்தேன். ஒரு செருப்பு மாட்டுச்சி. நீங்க எப்படிண்ணே பாத்தீங்க?"

"அதுக்கெல்லாம் பொறுமை வேணும் ஸுல்" என்றார் வின்சென்ட். அந்த வெள்ளிக்கிழமை மீன்கறி அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மீன் செய்தி மேலிடம் வரை போயிற்று. இவ்வளவு நல்ல லொங்காங்கை இன்னும் நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பன்னிரண்டு இடங்களிலும் தூர்வாரி ஆழப்படுத்த உத்தரவு வந்தது. ஏப்ரலில் வேலை ஆரம்பமானது. 'இங்கே மெஷின் சத்தம் காதைப் பிளக்குது, ஆனாலும் எடுத்துட்டேன்' என்று பக்கிரிசாமி கலங்கல் தண்ணீர்ப் படம் ஒன்றைப் போட்டார். வின்சென்ட்டும் விட்டுக்கொடுக்காமல் பூந்தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடி மண்ணை எடுத்துத் தொட்டியில் கரைத்தார்.

இதெல்லாம் கூட அவர் மனதைப் பெரிதாக உறுத்தவில்லை. உறுத்தியது துளசிதான்.

லொங்காங்குக்குக் கீழே, தாழ்வான இடத்தில், லோரோங் செராய் என்று ஒரு சந்து. அங்கே துளசி ஒரு பாலர் பள்ளி நடத்தினாள். பதினெட்டுப் பிள்ளைகள். போன வெள்ளத்தில் தண்ணீர் ஜன்னல் வரை வந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து மாடிக்கு ஏற்றியவள். ஒருநாள் மளிகைக் கடையில் வின்சென்ட்டைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"அங்கிள், காலையில எந்திரிச்சதும் நான் சாமி கும்பிடறதுக்கு முன்னாடி உங்க ரீடிங்கைத்தான் பாக்கறேன். ஏழாம் நம்பர் பச்சைன்னா பள்ளியத் தொறப்பேன். இல்லைன்னா தொறக்கவே மாட்டேன் லா."

வின்சென்ட் கையிலிருந்த மிளகாய்த்தூள் பொட்டலத்தைக் கீழே போட்டார். வீட்டுக்கு வந்து தொட்டியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பதினெட்டுப் பிள்ளைகளின் உயிர் மூன்று வாளிக்கும் பன்னிரண்டு வாளிக்கும் நடுவில் தொங்குகிறது. சொல்லிவிடலாமா? சொன்னால் ஊர் காறித் துப்பும். சொல்லாவிட்டால்? அன்றிலிருந்து மேகம் கறுத்தாலே பிள்ளைகளுக்காக இரண்டு வாளி கூடுதலாக ஊற்றினார். அதற்குமேல் அவருக்குத் துணிவு வரவில்லை.

ஜூன் மாதம் டுரியான் காலம். பாலிக் புலாவ் மலையில் சவுந்தரத்தின் தம்பி டெரிக் ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தான். பழம் பொறுக்க ஆள் இல்லை, ஒருநாள் வந்துவிட்டுப் போங்கள் மாமா என்று கெஞ்சினான். காலையில் போனால் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். வின்சென்ட்டுக்கு அன்று நூற்று நாற்பத்தோராவது நாள். பக்கிரிசாமிக்கும் அதே.

செயலியில் 'நிலையான கேமரா' என்று ஒரு வசதி இருந்தது. அதைத் தட்டிவிட்டால் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே படம் எடுத்து அனுப்பும். வின்சென்ட் தம்முடைய பழைய கைப்பேசியைத் துண்டு காயப்போடும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, தொட்டியில் மூன்று வாளி ஊற்றி, மின்னூட்டக் கம்பியையும் செருகினார். இது ஏன் இத்தனை மாதமாகத் தோன்றவில்லை என்று தம்மையே கடிந்துகொண்டு, நிம்மதியாக மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

பதினொரு மணிக்கு எல்லார் கைப்பேசிக்கும் ஒரு தகவல் வந்தது. குழாய் உடைந்துவிட்டதால் நண்பகல் முதல் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் வராது. பினாங்கில் இந்தத் தகவல் வந்தால் ஒரு வீட்டிலும் ஒரு சொம்பு காலியாக இருக்காது. சவுந்தரம் குடங்களை ரொப்பினாள். அண்டாவை ரொப்பினாள். ஐஸ்கிரீம் டப்பாக்களையும் விடவில்லை. கடைசியில் பின்பக்கத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் தளும்பியதும் திருப்தியோடு மூடினாள். துண்டுக் கம்பியில் தொங்கிய கைப்பேசி பளிச்சென்று ஒரு படம் எடுத்தது.

தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர். லொங்காங் கணக்கில் நூற்று எண்பத்து நான்கு. மற்ற பதினோர் இடங்களிலும் பச்சைதான். ஆனால் யாரிடம் தொண்ணூற்றொன்பது நம்பகப் புள்ளி இருக்கிறதோ அவரைத்தானே இயந்திரம் நம்பும்?

மலைச் சரிவில் டுரியான் பொறுக்கிக்கொண்டிருந்த வின்சென்ட்டுக்குச் சிக்னல் கிடைத்தபோது மணி பன்னிரண்டேகால். அறுபத்து மூன்று தகவல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. முதல் தகவல் சிவப்பில்: 'ஏழாம் எண்ணில் அபாய மட்டம். வெள்ளம் வருகிறது.' அண்ணாந்து பார்த்தார். வானத்தில் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. பிறகு துளசியின் தகவல் கண்ணில் பட்டது: 'அங்கிள், பிள்ளைங்க எல்லாரையும் மாடிக்கு ஏத்திட்டேன். நன்றி அங்கிள்.'

வின்சென்ட்டின் கையிலிருந்த முள்ளுப் பழம் நழுவி டெரிக்கின் காலில் விழுந்தது. அவன் போட்ட கூச்சலைக்கூடக் காதில் வாங்காமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

"சவுந்தரம், பின்னாடித் தொட்டியில தண்ணி விட்டியா?"

"ஆமா. தண்ணி கட் இல்லியா? நல்லா தளும்பத் தளும்ப ரொப்பிட்டேன்."

"உடனே அடைப்பைப் புடுங்கு!"

"உங்களுக்கு மூளை இருக்கா? நாளைக்கு வரைக்கும் சொட்டுத் தண்ணி வராது."

"புடுங்குடி சொல்றேன்! ஊரே ஓடிக்கிட்டிருக்கு!"

"அப்படின்னா ஒரு மாசத்துக்கு உங்க துணிய நீங்கதான் துவைக்கணும்."

"துவைக்கிறேன்! உன் துணியும் சேர்த்துத் துவைக்கிறேன்! புடுங்கு!"

அவள் பிடுங்கினாள். வின்சென்ட் மூச்சை விட்டார். மட்டம் இறங்கிவிட்டது, இனிச் செயலி பச்சைக்குத் திரும்பிவிடும், ஏதோ தவறு என்று எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தார்.

இயந்திரம் அப்படி நினைக்கவில்லை. கால் மணி நேரம் முன்பு கரைபுரண்ட தண்ணீர் இப்போது அடியோடு காணோம் என்றால் கரை உடைந்துவிட்டது என்றுதான் அர்த்தம். அத்தனை தண்ணீரும் கீழே எங்கேயோ பாய்ந்துகொண்டிருக்கிறது. கீழே இருப்பது லோரோங் செராய். ஊதா நிறத்தில் ஓர் எச்சரிக்கை கிளம்பியது. அந்த நிறம் ஒன்று இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. கூடவே போம்பாவுக்கும், அதாவது தீயணைப்புப் படைக்கும், தானாகவே அழைப்பு போனது.

வின்சென்ட் மோட்டாரை எந்த வேகத்தில் ஓட்டினார் என்பது அவருக்கே தெரியாது. மேம்பாலத்துக்கு வந்தபோது வண்டி நகர இடமில்லை. வெள்ளம் என்றால் பினாங்குக்காரர்கள் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவது வழக்கம். அன்றும் ஏற்றியிருந்தார்கள். கொளுத்தும் வெயிலில், இரண்டு பக்கமும், கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள். கூரைமேல் மெத்தை, மடியில் டிவி, ஒரு காரின் பின்சீட்டில் முகூர்த்தப் புடவையோடு ஒரு மணப்பெண். ஸுல்கிஃப்லி லாரி ஒன்றில் தம் குளிர்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

"அண்ணே! எவ்வளவு பெரிய வெள்ளம்ணே? இன்னும் கண்ணுக்கே தெரியல!"

வின்சென்ட் நடைபாதையில் மோட்டாரை ஏற்றி ஓட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக.

லோரோங் செராயில் தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதன் நடுவே ஆரஞ்சு நிறத்தில் ஒரு ரப்பர் படகு. படகுக்குள் பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டு உயிர்காப்புச் சட்டைகள். போம்பா ஆட்கள் துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க நின்றார்கள்.

"டீச்சர், தண்ணி எப்ப வரும்?" என்று ஒரு குழந்தை கேட்டது.

"வரும்மா. ஏழாம் நம்பர் அங்கிள் சொன்னா வரும்" என்றாள் துளசி. வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்திருந்தாள். பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். வின்சென்ட்டைக் கண்டதும் அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"அங்கிள், வெள்ளம் வந்தாலும் சரி, வரலைன்னாலும் சரி. முன்கூட்டியே சொன்னீங்களே, அது போதும். போன தடவை எங்களுக்குச் சொல்ல ஆளே இல்ல."

வின்சென்ட்டுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தப் பெண்ணை இப்படிப் பதறவைத்தோமே என்று நெஞ்சு வலித்தது. இது ஒருநாள் உண்மையிலேயே நடந்து, அன்றைக்குத் தம் தொட்டியில் மூன்றே வாளி இருந்திருந்தால்? அதை நினைக்கவே அவருக்குத் துணிவில்லை. பட்டியல் போகட்டும், பக்கிரிசாமி சிரிக்கட்டும், ஊர் துப்பட்டும். நாளைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் இஸ்ஸதியின் மேஜைமுன் போய் நின்றார். பழைய கைப்பேசியையும், போன மாதம் அலுவலகம் தமக்குத் தந்திருந்த 'சிறந்த கண்காணிப்பாளர்' சான்றிதழையும் வைத்தார். பியாவாக்கில் ஆரம்பித்துத் தொட்டி, வாளிக் கணக்கு, கெளுத்தி, பூந்தொட்டி மண், தண்ணீர் வெட்டு வரை தமக்குத் தெரிந்த மலாயில் ஒன்றுவிடாமல் கொட்டினார்.

"போலீசில் சொல்லுங்கள், பேப்பரில் போடுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கே என்னை எடுத்துவிட்டு அங்கே ஒரு நல்ல ஆளைப் போடுங்கள். கீழே பதினெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்."

இஸ்ஸதி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று வின்சென்ட்டுக்குப் புரியவில்லை. பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கைப்பேசியை எடுத்து மறுபடியும் அவர் கையிலேயே திணித்தாள்.

"அங்கிள், தயவுசெய்து வேலையை விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை புது அளவுகோல்கள் வரும் வரைக்குமாவது. இந்த ஜெயராஜ் உங்களுக்கு விவரம் சொல்வார்."

மூலையில் ஒரு கம்பிச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்த இளைத்த தொழில்நுட்பப் பணியாளர் எழுந்து வந்து வின்சென்ட்டின் தோளில் கைபோட்டு, வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். அங்கே நின்று முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, நேத்து அலாரம் அடிச்சதும் பன்னெண்டு இடத்துக்கும் நான்தான் ஓடிப்போய்ப் பாத்தேன். தூர்வார வந்தவங்க ஏப்ரல் மாசமே அளவுகோல் அத்தனையையும் புடுங்கி லாரியில போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. பன்னெண்டு பேரும் அதுக்கப்புறமும் ஒருநாள் விடாம படம் அனுப்பிக்கிட்டுதான் இருக்கீங்க, மத்த பதினோரு பேரும் மழைக்கு ஒரு பழைய படம், வெயிலுக்கு ஒரு பழைய படம்னு ஓட்டறாங்க. இன்னைய தேதிக்கு நெஜமான தண்ணியில நெஜமான அளவுகோல் நிக்கிற ஒரே இடம் உங்க பாத்ரூம்தான் லா!"